தானே சூளையான வீடு

2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டபோது, அதன் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்படிக் காய்ந்த களிமண் பாளத்தைக் கையில் எடுத்தால் ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும். ஆனால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மறுபடியும் சேறுதான். எத்தனை நாள் வெயிலில் காய்ந்தாலும் மண் தான் மண் என்பதை மறப்பதில்லை. அதை மறக்கடிக்க நெருப்பு வேண்டும்.

களிமண் என்பது நுண்ணிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு இடையில் இருக்கும் ஈரத்தை வெயில் உறிஞ்சிவிடும். தகடுகளுக்குள்ளேயே வேதிப் பிணைப்பில் இன்னொரு நீர் பூட்டிக் கிடக்கிறது. 500, 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால்தான் அது வெளியேறும். போனால் திரும்பாது. 900 டிகிரியை நெருங்கும்போது துகள்களின் ஓரங்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். அதற்குப் பிறகு அது செங்கல். ஏரிக்குள்ளேயே போட்டாலும் கரையாது.

செங்கல் சூளையில் ஒரு விரயம் உண்டு. நெருப்பின் கணிசமான பங்கு கல்லை வேகவைக்காமல் சூளையின் சுவரைச் சூடாக்கப் போய்விடுகிறது. அந்தச் சுவரே ஒருவர் குடியிருக்கப் போகும் வீடாக இருந்தால்?

ஈரானைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நாதெர் கலீலி மண் வீடுகளை அப்படியே சுட்டுப் பார்த்தவர். புதுச்சேரியில் 1971-இல் டெபோரா ஸ்மித்துடன் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய ரே மீக்கர், 1980-களில் அந்த யோசனையை நம் மண்ணில் சோதிக்கத் தொடங்கினார். ஆரோவில்லில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ, அதே முறையில் புதுச்சேரி வொலோன்தாரியாத் அமைப்புக்காக ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களை 2008-இல் கட்டினார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சுவர் சுடாத பச்சைக் கல், சாந்துக்கும் சேறு. மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கம்பி போட்ட தட்டைக் கூரைக்கு இங்கே வழியில்லை. ஆகவே கூரை குவிமாடமாகிறது. ஒரு சங்கிலியின் இரு முனைகளைப் பிடித்துத் தொங்கவிட்டால் வரும் வளைவு முழுக்க இழுவை. அதையே தலைகீழாகக் கவிழ்த்தால் முழுக்க அழுத்தம். 1675-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் சொல்லிவைத்த சூத்திரம் இது.

வீடு எழும்பியதும் உள்ளே பச்சைக் கற்களையும் ஓடுகளையும் அடுக்கி நெருப்பு மூட்டுகிறார்கள். நாட்கணக்கில் எரிகிறது. ஆறியபின் உள்ளிருக்கும் கற்களை வெளியே எடுத்து வேறு கட்டடங்களுக்கு அனுப்பிவிடலாம். வீடு தன் முதல் விளைச்சலைத் தானே தருகிறது! செலவில் பெரும்பங்கு சிமெண்டுக்கும் கம்பிக்கும் போகாமல் கொத்தனார் கூலியாக ஊரிலேயே தங்குகிறது என்பதுதான் எனக்கு இதில் ஆகப் பெரிய விஷயம்.

எங்கும் செய்யக்கூடியதல்ல இது. வீடுகள் நெருக்கியடிக்கும் பூந்தமல்லித் தெருவில் நாட்கணக்கில் தீ மூட்ட முடியாது. எரிபொருள் வேண்டும், புகை வரும், வெந்த கல்லை வாங்க அக்கம்பக்கத்தில் ஆள் வேண்டும். ஆனாலும் அந்தக் குழந்தைகளின் குவிமாடங்களை நினைத்தால் மனம் நிறைகிறது. ஜன்னல்களில் பழைய சைக்கிள் சக்கரங்கள். உச்சியில் விட்ட துளையை மூடியிருப்பவை டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்கள்; அவற்றின் வழியே வெளிச்சம் உள்ளே இறங்குகிறது.