காதில் இட்ட குறி

“கணக்கில் பணம் இருக்கிறது; எடுக்கத்தான் முடியவில்லை” என்று கிளைக்கு வந்து வருந்துவோர் உண்டு. விசாரித்தால், புதிய பங்கு வெளியீடு ஒன்றுக்கு விண்ணப்பித்திருப்பார். அத்தொகை ‘இயர்மார்க்’ செய்யப்பட்டுள்ளது என்று நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குவதில்லை.

இது ஆயர்களின் சொல். பொதுமேய்ச்சல் நிலத்தில் பலருடைய ஆடுமாடுகள் கலந்து மேயும்போது இன்னாருடையது என்று அறிய, இங்கிலாந்தில் காதைச் சற்றே வெட்டிக் குறியிட்டனர். குறியிட்ட ஆடு மந்தையை விட்டு எங்கும் போவதில்லை. பங்கு விண்ணப்பத் தொகையும் அவ்வாறே: ஒதுக்கீடு முடியும்வரை உங்கள் கணக்கிலேயே இருக்கும், சேமிப்பு வட்டியும் பெறும். 2016 ஜனவரி முதல் பொதுப் பங்கு வெளியீடுகளுக்கு இம்முறையே கட்டாயம்.

சித்தூர்ப் பகுதியில் கறவை மாட்டுக் கடன் பெற்றோர் இக்குறியை நாள்தோறும் காண்கின்றனர். மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை தொங்குகிறது. வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது மாட்டுக் காப்பீட்டில் பொதுவான விதி. வேலியில் சிக்கி அது அறுந்துவிட்டால், உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, வேறு வில்லை பொருத்தி, புதிய எண்ணைப் பாலிசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். மாடு இறந்த பிறகு வில்லையைத் தேடிப் பயனில்லை.

பகிர்ந்தளிப்பதையும், இன்னதற்கென்று குறித்து வைப்பதையும் தமிழில் ‘ஒதுக்கீடு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம், குழப்பம் அங்கேதான். பரம்பிக்குளம்–ஆழியாறு நீரைத் தமிழகமும் கேரளமும் பகிர்ந்துகொண்டது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தம். அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டிய 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர், சித்தூர் வயல்களை நம்பி வாழ்வோருக்கு வெறும் பங்கன்று. பெயர் எழுதி வைத்த நீர்.

இடுக்கியின் ஏலத்தோட்டத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். புற்றடியிலோ போடியிலோ காய் விற்று வந்த பணம் ஒரே சேமிப்புக் கணக்கில் கிடந்தால், உரத்துக்கான ஆயிரமும் திருமணச் செலவுக்கான ஆயிரமும் ஒன்றுபோலவே தோன்றும். முதலில் வந்த செலவு இரண்டையும் மேய்ந்துவிடும். பறிப்புக் காலத்திலேயே உரப்பணத்தைத் தனி வைப்புத்தொகையாக்கி, மே மாதத்தில் முதிர்வடையுமாறு தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.