வீக்கம் தணிக்கும் மூலிகைகள்

ஆனைமலையின் அடிவாரத்தில், பாலக்காட்டுக் கணவாயின் ஈரக்காற்றுப் படும் பொள்ளாச்சி வட்டாரத்திலே, தென்னந்தோப்புகளை அடுத்த வாய்க்கால் ஓரங்களிலும் வேலிகளிலும் நொச்சி தழைத்திருக்கக் காணலாம். விரித்த கைவிரல்கள் போன்ற இலை. நீலம் பாய்ந்த சிறு பூ. கசக்கினால் மூக்கைத் துளைக்கும் மணம். தோட்டத்து வேலையில் கால் பிசகினாலும், முதியோருக்கு முழங்கால் வீங்கினாலும், இவ்விலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். முடக்கறுத்தான் கீரையை இரசத்திலும் தோசை மாவிலும் சேர்ப்பது மூட்டுவலி நீங்கும் என்னும் நம்பிக்கையாலேயே. சுளுக்கு உண்டாயின், மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றிடுவர். குழைக்குங்கால் மஞ்சள் செந்நிறமாக மாறுவது சிறுவர்க்கு வியப்பளிக்கும். காரப் பொருளோடு கலக்கும்போது மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும் என்பதை இரசாயனம் பயிலும் மாணவர் அறிவர்.

இவற்றால் வீக்கம் வடியும் என்கின்றனர் பெரியோர். வடிகிறது என்றே கொள்வோம். வடியச் செய்தது இலையின் குணமா, ஒத்தடத்தின் சூடா, அன்றி நாட்போக்கில் தானே ஆறும் உடலின் இயல்பா? எளிய சுளுக்கு யாதொரு மருந்துமின்றியே சில நாள்களில் குறையக் கூடியது. ஆதலால், பற்றிட்டோம், குணமாயிற்று என்பது மட்டும் சான்றாகாது. இங்ஙனம் வினவுவது முன்னோரை இகழ்வதாகும் எனச் சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. முன்னோர் விட்டுச் சென்ற செல்வத்தை எண்ணிப் பார்ப்பது அதனை மதிப்பதேயாகும்.

வீக்கம் என்பது யாது? சிவத்தல், சூடு, வீக்கம், வலி என்னும் நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சசு என்னும் உரோமானியர் ஒருங்கே எழுதி வைத்தார். இந்நிலையை இன்று ‘அழற்சி’ என்பர். காலில் முள் தைத்தது என வைத்துக் கொள்வோம். தைத்த இடத்தில் சில இரசாயனப் பொருள்கள் சுரக்கின்றன. அவற்றால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. குருதி மிகுதியாகப் பாய்வதால் அவ்விடம் சிவந்து சுடுகிறது. குழாய்ச் சுவரின் வழியே நீர் கசிவதால் தசை வீங்குகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலி எழுகிறது. குருதியிலுள்ள வெள்ளணுக்கள் வெளிப்பட்டு வந்து கிருமிகளை எதிர்க்கின்றன. எனவே அழற்சி பகையன்று. அது உடலின் காவல். ஆயின், காவலே வீட்டுக்காரனை அடிக்கத் தொடங்குவதும் உண்டு. முடக்குவாதத்தில் நேர்வது அதுவே. அந்நோயில் உடலின் காவற்படை தன் சொந்த மூட்டுகளையே தாக்கிக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது.

அழற்சியைத் தணிக்கும் செடிகளை அறிந்தவர் நாம் மட்டும் அல்லர். ஐரோப்பியர் நெடுங்காலமாக வில்லோ மரப்பட்டையைக் காய்ச்சலுக்கும் வலிக்கும் பயன்படுத்தினர். எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1763ஆம் ஆண்டில் அப்பட்டையின் குணத்தை இலண்டன் இராயல் கழகத்துக்கு எழுதித் தெரிவித்தார். அம்மரத்தின் சத்தோடு தொடர்புடைய ஆஸ்பிரின் என்னும் மருந்தை 1897இல் செர்மானிய இரசாயனியர் தூய வடிவில் ஆக்கினர். அது எங்ஙனம் வேலை செய்கிறது என்பதோ, 1971ஆம் ஆண்டில் ஜான் வேன் என்பார் விளக்கும்வரை எவர்க்கும் தெரியாது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாகாமல் ஆஸ்பிரின் தடுக்கிறது என்று அவர் காட்டினார். 1982இல் நோபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பட்டையின் பயனைப் பாதிரியார் எழுதிய நாளுக்கும் அதன் காரணம் தெரிந்த நாளுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன!

நம் செடிகளும் இத்தகைய சோதனைக்கு உட்பட்டுள்ளன. அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது மஞ்சளே. கொங்கு நாட்டில் ஈரோடு மஞ்சளுக்குப் பெயர் பெற்ற சந்தை. ‘ஈரோடு மஞ்சள்’ 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. கிழங்கை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, மெருகேற்றி, விரலி என்றும் குண்டு என்றும் பிரித்து விற்பர். அதன் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் என்னும் பொருளை ஐரோப்பிய அறிஞர் 1815இலேயே பிரித்தெடுத்தனர். எனினும், அது அழற்சியைத் தணிக்கும் என்பதை முறையாக ஆராய்ந்தோர் நம் நாட்டினரே. இலட்சுமணபுரியில், கோமதி ஆற்றங்கரை அரண்மனை ஒன்றில், 1951இல் தொடங்கப்பெற்றது மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம். அங்குப் பணிபுரிந்த சிறீமல், தவான் என்னும் இருவரும் 1973இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பசையை எலியின் பாதத்தில் ஊசி வழியே செலுத்தினால் அது வீங்கும். குர்க்குமின் கொடுத்த எலிகளுக்கு அவ்வீக்கம் குறைந்தது. இதே முறையில் நொச்சியும் ஆராயப்பட்டது. இலங்கை ஆய்வாளர் முற்றிய பசிய நொச்சியிலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி ஊட்டி, வீக்கமும் வலியும் குறைவதை 2003இல் அறிவித்தனர்.

ஆனால் எலியின் பாதம் வேறு. பாட்டியின் முழங்கால் வேறு. நூறு பங்கு மஞ்சளில் குர்க்குமின் சுமார் மூன்று பங்கே உண்டு. உண்ட குர்க்குமினும் குடலினின்று குருதியில் எளிதிற் சேர்வதில்லை. சேர்வதையும் கல்லீரல் விரைந்து மாற்றி வெளியேற்றி விடுகிறது. பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரியார் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கிராம் குர்க்குமினைத் தனியே உண்டவரின் குருதியில் அது காண்பதற்கும் அரிதாயிருந்தது. மிளகின் காரப்பொருளாகிய பைப்பரின் இருபது மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, குருதியிற் சேர்ந்த அளவு ஏறத்தாழ இருபது மடங்கு உயர்ந்தது. ஈரோட்டு மஞ்சளையும் ஆனைமலை மிளகையும் ஒரே பாலில் இட்டுக் கொடுத்த நம் வீட்டு மருத்துவத்தை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. என்றாலும், ஒரு சிட்டிகைப் பொடிக்கும் இரண்டு கிராம் தூய சத்துக்கும் உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவை மறந்து, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை மிகுதியாக விழுங்கியோர் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அண்மைக் காலத்தில் பதிவாகியுள்ளது. மற்ற மருந்துகள் உண்போர்க்கு மிளகுச் சத்து அம்மருந்துகளின் அளவையும் குருதியில் உயர்த்தக் கூடும்.

மூலிகை மருத்துவத்தை மனிதரிடத்தே சோதிப்பது எளிதன்று. ஆயுர்வேத மருத்துவர் ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றுவர். கஷாயத்தின் நிறமும் கசப்புமே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். இவ்விடர்ப்பாடுகளை எதிர்கொண்டு ஓர் ஆய்வு கோயம்புத்தூரில் நடந்தது. ஆரிய வைத்திய மருந்தகத்தைச் சார்ந்த ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து, முடக்குவாத நோயாளர் 43 பேரை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு மெய்யான ஆயுர்வேத மருந்தும் போலி மாத்திரையும். மற்றொரு குழுவுக்கு மெத்தோடிரெக்சேட் என்னும் ஆங்கில மருந்தும் போலி ஆயுர்வேத மருந்தும். மூன்றாம் குழுவுக்கு இரண்டும் மெய்யாகவே. யாருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது. குணத்தை அளந்த மருத்துவருக்கும் தெரியாது. 36 வாரங்கள் கழிந்தபின் பார்த்தபோது மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். ஆயுர்வேதம் மட்டும் பெற்றவருக்குப் பக்கத் தீங்குகள் குறைவாயிருந்தன.

2011இல் இதனை வெளியிட்ட ஆய்வாளர்கள் இதற்கு முன்னோட்ட ஆய்வு என்றே பெயரிட்டனர். 43 பேர் சிறு கூட்டம். அவரைக்கொண்டு இரு மருத்துவங்களும் சமம் என்று தீர்ப்புரைத்தல் இயலாது. அவர்கள் உண்டதும் வேலியில் பறித்த தழையன்று; பயிற்சி பெற்ற வைத்தியர் ஆய்ந்து அளித்த கூட்டு மருந்து. சுளுக்கிய கணுக்காலுக்கு நொச்சி ஒத்தடம் இதமளிக்கலாம். ஆனால் காலையில் எழும்போது விரல்களும் மணிக்கட்டும் வீங்கி, மடக்க இயலாமல், வாரக்கணக்கில் நீடித்தால் அது வேறு செய்தி. அப்போது ஒத்தடத்தோடு நாளைக் கடத்தாமல் மருத்துவரை நாட வேண்டும். முடக்குவாதம் ஒரு முறை அரித்த எலும்பும் குருத்தெலும்பும் பழைய நிலைக்கு மீண்டும் வளர்வதில்லை.