நின்ற வண்டியில் விழுவானேன்?

"இவுக வண்டியில இருந்து விழுந்துட்டாக டாக்டரய்யா!" என்று பதறிக்கொண்டே அந்த அம்மாள் உள்ளே வந்தார். பின்னாலேயே கணவர். ஓய்வு பெற்ற ஆசிரியர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். இடது மணிக்கட்டு வீங்கி, முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல வளைந்திருந்தது. எலும்பு முறிவுதான் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"என்ன வேகத்துல போனீங்க சார்?" என்றேன்.

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேகமா? வண்டி ஓடவே இல்லைங்கறேன்! ரயில்வே கேட்டுல நிறுத்தினேன். காலை ஊன்றப் போனேன்... கால் வரலை. அவ்வளவுதான், சாய்ஞ்சுட்டேன்."

'கால் வரலை.' இந்த இரண்டு வார்த்தைகளை என் வைத்தியசாலையில் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். சொல்கிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்கள். நின்ற வண்டியில் விழுந்தேன் என்றால் ஊர் சிரிக்காதா? அதனால் சிலர் "திடீர்னு தலை சுத்திச்சு டாக்டர்" என்று கதையை மாற்றிவிடுவதும் உண்டு. நான் நாடி பார்ப்பதற்கு முன்னால் பாண்ட் ஓரத்தைப் பார்த்துவிடுவேன். இடது கால் மடிப்பில் தையல் பிரிந்து, கறுப்பாகக் கிரீஸ் ஒட்டியிருந்தால் தலைசுற்றல் இல்லை, துணி சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆசிரியர் பாண்டிலும் அந்தக் கறுப்பு இருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இப்போது நாம் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களில் இடது பாதத்துக்கு இரண்டு வேலை. ஒன்று கியர் மாற்றுவது, இன்னொன்று நிற்கும்போது தரையில் ஊன்றுவது. வலது பாதம் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதால் ஊன்றுகிற வேலை பெரும்பாலும் இடது காலுக்கே வருகிறது. (பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். அதை ஓட்டிப் பழகியவர்களுக்குக் கதை தலைகீழ்.) சிக்கலே இங்கேதான். நிறுத்துவதற்கு முந்தைய வினாடி வரை இடது பாதம் கியரைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. விரல் பக்கம் லிவரின் முன்முனையை ஒட்டியோ, குதிகால் பக்கம் அதன் பின்முனையை ஒட்டியோ இருக்கிறது. அந்த நிலையிலிருந்து சட்டென்று காலைக் கீழே கொண்டுபோனால் பாண்ட் ஓரமோ ஷூ கயிறோ லிவரில் மாட்டிக்கொள்கிறது.

இன்னொரு விஷயம். உட்கார்ந்து ஓட்டும்போது முழங்கால் மடங்கியிருப்பதால் பாண்ட் மேலே ஏறி இருக்கும். குனிந்து பார்த்தால் 'கணுக்காலுக்கு மேலேதானே இருக்கு' என்று தோன்றும். காலை நீட்டுகிற அந்த நொடியில் துணி சரசரவென்று இறங்கி, குதிகாலுக்குப் பின்னால் தொங்கும். பாதம் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் கம்பியின் முனையும் அங்கேதான் இருக்கிறது. சட்டை மாட்டும் ஆணி மாதிரி அது துணியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பாண்ட் நீளம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. கால் முனையில் அகலமும் குறைவாக இருக்க வேண்டும்.

சாலையும் நமக்கு உதவுவதில்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி, ஓரங்களில் சரித்துப் போடுகிறார்கள். நாம் இடது ஓரமாக நிறுத்துகிறோம். ஆக, இடது காலுக்குத் தரை கொஞ்சம் தூரமாகிவிடுகிறது. கால் சேர்வதற்குள் வண்டி அதிகமாகச் சாய வேண்டியிருக்கிறது. நூறு சி.சி. வண்டியே நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். லேசாகச் சாயும்வரை ஒரு விரலால் கூடத் தாங்கலாம். கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்துவிட்டால் பயில்வானாலும் முடியாது.

அப்போது நம் உடம்பு என்ன செய்கிறது? கால் வராவிட்டால் கையை நீட்டுகிறது. யோசித்துச் செய்வதில்லை, தன்னால் நீள்கிறது. உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையில் விழுந்து, மணிக்கட்டுக்கு ஒட்டினாற்போல எலும்பு முறிகிறது. 1814-ல் ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் இந்த முறிவை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். தோளில் அடிபட்டால் காறை எலும்பு. துணி சிக்கிய கால் விடுபடாமல் வண்டிக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டால் கணுக்கால். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு பலம் குறைந்திருப்பதால் சிறு விழுக்காடே போதும்.

வேட்டி, மழைக்கோட்டு, சேலை

பாண்ட்டை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் படிப்பு முடித்த புதிது. நண்பரின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு, புது வேட்டி கட்டி, ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டப வாசலில் இடது பக்கம் சேறு. சரி, வலது காலை ஊன்றுவோம் என்று இறக்கினேன். மடித்துக் கட்டிய வேட்டியின் முனை நழுவி, கிக்கர் லிவரில் மாட்டியிருந்தது தெரியவில்லை. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தொப்பென்று விழுந்தேன். சைலன்சர் பட்டு வலது கெண்டைக்காலில் வந்த தழும்பு இன்னும் இருக்கிறது. வேட்டி கிழிந்ததுதான் அன்றைக்குப் பெரிய துக்கம்!

வேட்டியோ கைலியோ கட்டிக்கொண்டு வண்டி எடுப்பதே சரியில்லை என்பது என் கட்சி. 'பக்கத்துக் கடையில பால் வாங்கத்தானே' என்பார்கள். பக்கத்துக் கடைக்குப் போகும்போதுதான் நாலு இடத்தில் நிறுத்துகிறோம். தவிர்க்க முடியாவிட்டால் மடித்துக் கட்டுவதோடு விடாமல் முனைகளை இடுப்பில் இறுக்கிச் செருகிவிடுங்கள், முன்னால் தொங்கவிடாதீர்கள். கிக்கரை உதைத்த பிறகு அது உள்பக்கம் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு வில்லன் வருவான். மழைக்கோட்டோடு வரும் பிளாஸ்டிக் பாண்ட்! எல்லா அளவுக்காரருக்கும் பொருந்த வேண்டும் என்று கோணிப்பை மாதிரி தைத்திருப்பார்கள். ஈரமானால் ஃபுட்ரெஸ்டில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் பட்டன் இருந்தால் மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாடாவால் கட்டிவிடுங்கள்.

வண்டி ஓட்டும் பெண்கள் பலாசோ, பாட்டியாலா போன்ற அகலக் கால் உடைகளில் கவனமாக இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் காலடியில் லிவர் கிடையாது என்றாலும், சைடு ஸ்டாண்டின் முனை இருக்கிறதே! பின்னால் உட்காரும் சேலைக்காரர்களுக்கு, சக்கரத்தில் துணி சுற்றாமல் பாதி சக்கரத்துக்காவது மறைப்பு வேண்டும் என்று 1989-ம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 'சேலை கார்டு' வந்தது அதற்காகத்தான். ஆனால் அந்தக் கார்டிலும் பின் ஃபுட்ரெஸ்டிலும் கொசுவம் மாட்டிக்கொண்டால்? ஓட்டுகிறவர் இரண்டு காலையும் ஊன்றி, "ம்... இறங்கு" என்று சொல்லும்வரை பின்னால் இருப்பவர் அசையக் கூடாது. நம் வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. வண்டி நிற்பதற்குள் அம்மா இறங்கிவிடுகிறார்.

நீரிழிவுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மதுமேகம் நாள்பட்டால் பாதத்தில் மதமதப்பு வந்துவிடும். லிவரில் துணி இழுக்கிறது, செருப்பு நழுவுகிறது என்பதெல்லாம் உடனே உறைக்காது. மூட்டு வாதக்காரர்களுக்கு வேறு பிரச்சினை. முழங்கால் வலியால் காலை உயர்த்தாமல் இழுத்தபடியே இறக்குவார்கள். ஆசிரியருக்கு இந்த இரண்டுமே இருந்தன. இப்படிப்பட்டவர்கள் பாதத்தை இறுக்கிப் பிடிக்கும், பின்வார் வைத்த செருப்போ, கயிறில்லாத ஷூவோ போட்டுக்கொள்வது நல்லது.

காலை எப்படி இறக்குவது?

அவசரமில்லாமல், நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் முன்னதாகவே கியரைக் குறைத்து முடித்துவிடுங்கள். பாதத்தை ஃபுட்ரெஸ்ட் மேல் முழுசாக எடுத்து வையுங்கள். பிறகு பாதத்தை லேசாகத் தூக்கி, வெளிப்பக்கமாக ஒரு சாண் விலக்கி, அதற்கப்புறம் கீழே இறக்குங்கள். நேராகக் கீழே கொண்டுபோனால் மாட்டும். விலக்கி இறக்கினால் மாட்டாது. வீட்டு வாசலில், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, தினமும் உடுத்தும் உடையோடு பத்துத் தடவை செய்து பாருங்கள். எங்கே உரசுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் அப்பா சைக்கிள் மிதிக்கும்போது பாண்ட் கால் செயினில் மாட்டாமலிருக்க ஒரு இரும்பு கிளிப் போடுவார். பெல்பாட்டம் காலத்தில் அது இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. சைக்கிள் போனதோடு கிளிப்பும் போய்விட்டது, பாவம். இப்போது ஒட்டிக்கொள்ளும் பட்டி கிடைக்கிறது. கணுக்காலுக்கு மேல் சுற்றினால் போதும். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம். நரம்புச் சுருட்டல், கால் வீக்கம், நீரிழிவு உள்ளவர்களுக்கு அது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். எதைக் கட்டினாலும் இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். கியர் லிவர் முனையில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தக் கிழிசல்தான் நூலைப் பிடிக்கிறது.

அப்படியும் சிக்கிவிட்டால்? வண்டி இன்னும் உருண்டுகொண்டிருந்தால் நின்றுவிடாதீர்கள். ஹேண்டிலை நேராக வைத்து, மெள்ள இரண்டடி முன்னே போகவிட்டு, வலது காலை ஊன்றி, கைப்பிரேக்கால் நிறுத்துங்கள். ஹேண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் அதுவே சாய்த்துவிடும். வண்டி சாய்ந்தே விட்டது என்றால் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். வண்டிக்குக் கீறல் விழுந்தால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். முன்னால் லெக் கார்டு இருந்தால் வண்டிக்கும் தரைக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், கால் நசுங்காது.

விழுந்த பிறகு செய்கிற தவறு ஒன்று உண்டு. சித்த வைத்தியன் என்பதால் நானே சொல்ல வேண்டும். வீங்கிய கணுக்காலில் எண்ணெய் போட்டு உருவாதீர்கள்! 'வெறும் சுளுக்கு' என்று ஒரு வாரம் உருவிவிட்டு வந்த ஒருவருக்கு எக்ஸ்-ரேயில் கணுக்கால் எலும்பு இரண்டாக இருந்தது. நாலு எட்டு வைக்க முடியவில்லை, உருவம் மாறியிருக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் முதலில் எக்ஸ்-ரே. அதுவரை அசைக்காமல், உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். முறிவு இல்லை, தோலும் கிழியவில்லை என்று உறுதியான பிறகு மூசாம்பரத்தை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போடலாம். வீக்கம் வற்ற நான் கொடுப்பது அதுதான். சைலன்சர் சுட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

ஆசிரியரை எலும்பு மருத்துவரிடம் அனுப்பி மாவுக்கட்டுப் போடவைத்தேன். கட்டுப் பிரித்த பிறகு, சில வாரங்கள் கழித்து அவரும் அம்மாவும் வந்தார்கள். பாண்டின் இரண்டு கால் ஓரத்திலும் அம்மா பிரஸ் பட்டன் தைத்துக் கொடுத்திருந்தார். வண்டி ஏறும்போது மடக்கி அமுக்கிவிட்டால் போதுமாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கி, விலக்கி, இறக்கிக் காண்பித்தார் ஆசிரியர்.

"எப்படி டாக்டரய்யா, பாஸா?" என்றார். அம்மாள் முந்திக்கொண்டார்: "முதல்ல கைலியோட பால் வாங்கப் போறதை நிறுத்தச் சொல்லுங்க."