மாயாவிக்கு முகம் முளைத்த கதை

"படத்துல வர்றவரு நாங்க படிச்ச மாயாவி இல்லப்பா." கேமரன் மலை லெம்பா பெர்த்தாம் ஒட்டுக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெரியவர் இப்படிச் சொன்னால், பக்கத்தில் கைப்பேசியில் படம் பார்க்கும் பையன் ஒத்துக்கொள்ள மாட்டான். அதே மண்டையோட்டு மோதிரம், அதே வெள்ளைக் குதிரை, அதே முகமூடி. அப்புறம் என்ன குறை என்று கேட்பான். நியாயமான கேள்விதான். தே ஓ ஆறுவதற்குள் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ராணி காமிக்ஸ் வாசகர்கள் மாயாவி என்று அறிந்தவருக்கு ஆங்கிலத்தில் ஃபேண்டம் என்று பெயர். லீ ஃபாக் எழுத, ரே மூர் வரைய, 1936 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய படக்கதை அது. சூப்பர்மேன் வந்தது 1938-இல், பேட்மேன் 1939-இல். உடம்போடு ஒட்டிய உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு நீதி கேட்கப் புறப்பட்ட நாயகர்களில் இவர் அவர்களுக்கெல்லாம் மூத்தவர். ஆனால் இவரால் பறக்க முடியாது. குண்டு பட்டால் ரத்தம் வரும். சாவும் வரும்.

அப்படியானால் எதிரிகள் ஏன் பயப்படுகிறார்கள்? கதையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. 1536-இல் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலிலிருந்து ஒருவன் மட்டும் உயிர் தப்பிக் கரை ஒதுங்குகிறான். தன் தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கைவைத்து, தானும் தன் வம்சமும் கொள்ளையையும் கொடுமையையும் எதிர்த்து நிற்போம் என்று சத்தியம் செய்கிறான். அப்பன் செத்தால் மகன் அதே உடையை மாட்டிக்கொள்வான். வெளியுலகத்துக்கு விஷயம் தெரியாது. ஒரே ஆள் நானூறு வருஷமாகச் சாகாமல் இருப்பதாக நம்புகிறது. நாம் படித்த மாயாவி அந்த வரிசையில் 21-ஆவது ஆள். அவருடைய பலம் ஊர் வாயில் இருந்தது. இந்த ரகசியம் தெரிந்த சிலரில் வாசகரும் ஒருவர் என்பதுதான் படிக்கிறவருக்குக் கிடைத்த குதூகலம்.

இப்போது ஒரு பழைய இதழை எடுத்துக் கண்களைப் பாருங்கள். முகமூடிக்குள் கருவிழி இருக்காது. இரண்டு வெள்ளைப் பட்டைகள் மட்டும்தான். கிரேக்கச் சிலைகளின் விழியில்லாத கண்களைப் பார்த்து வந்த யோசனை என்று ஃபாக் சொல்லியிருக்கிறார். முகமூடி இல்லாத முகத்தையும் கதை முழுசாகக் காட்டாது. ஊருக்குள் போகும்போது கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி வந்து மறைத்துவிடும். வீட்டுக்குள் இருந்தால் முதுகோ நிழலோ குறுக்கே விழும். முகத்தைப் பார்த்தவன் கோரமான சாவு சாவான் என்பது காட்டுப் பழமொழி. ஓவியர்களும் அதற்குக் கட்டுப்பட்டே வரைந்தார்கள்.

இந்த முகமின்மைக்கு நம் தோட்டங்களில் ஒரு தனிப் பலன் உண்டு. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய மலை இது. குதிரையில் வரும் வெள்ளைக்காரர் என்றால் நம் தாத்தாக்களுக்கு அவர் துரை. கண்டால் ஒதுங்கி நிற்க வேண்டியவர். மாயாவியும் வெள்ளைக்காரர்தான், குதிரையில் வருபவர்தான், காட்டு மக்களுக்குக் காவலாக இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்தான். வெள்ளையர் ஆட்சிக் காலத்து நினைப்பு அந்தக் கதையின் அடியில் கிடப்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அவரைத் துரையாக நினைத்துப் படித்தவர்கள் குறைவு. கண்ணே இல்லாத முகமூடிக்குள் எந்த ஊர்ப் பையனும் தன்னை வைத்துப் பார்க்கலாம்.

இந்தியப் பதிப்பாளர்களும் அதற்கு வழிசெய்தார்கள். 1964-இல் மாயாவி கதையோடு தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், மாயாவி வாழும் பங்கல்லா என்ற நாட்டின் பெயரை டென்காலி என்றும், கதையில் வரும் சிங் கடற்கொள்ளையரைச் சிங்கா என்றும் மாற்றிக்கொண்டது. வங்காளத்தையும் சீக்கியரையும் இழுத்துவிடும் பெயர்கள் என்ற முன்ஜாக்கிரதை.

காலம் மாறியபோது ஃபாக்கும் மாற்றினார். காலனிகள் விடுதலை பெற்ற 1960-களில், மாயாவியின் நாட்டுக்கும் தேர்தல் வந்தது. லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் ஜனாதிபதி ஆனார். காட்டுக்கு ராஜா மாதிரி இருந்த மாயாவி, ஒரு குடியரசின் ரகசியத் தோழர் ஆனார். 1977-இல் காதலி டயானாவுக்குத் தாலி கட்டி, பிறகு இரட்டைப் பிள்ளைகளுக்கும் தகப்பனானார்.

இனி திரைக்கு வருவோம். 1943-இல் கொலம்பியா நிறுவனம் டாம் டைலரை வைத்து 15 பகுதிகளாகத் தொடர்படம் எடுத்தது. அதில் மாயாவியின் சொந்தப் பெயரே வேறு. பெரிய படம் வர 1996 ஆனது. சைமன் வின்சர் இயக்கம், பில்லி ஜேன் மாயாவி. காட்டுக் காட்சிகள் பலவற்றைப் பக்கத்து நாடான தாய்லாந்தில் எடுத்தார்கள்.

அந்தப் படத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, முகமூடிக்குள் நடிகரின் கண்கள் தெரிகின்றன. போதாததற்கு அவர் கோட்டு சூட்டோடு, திறந்த முகத்தோடு நியூயார்க்கில் நடமாடுகிறார். சம்பளம் கொடுத்து அழைத்து வந்த நடிகரின் முகத்தை மறைக்க எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்? இரண்டாவது, தங்கம், வெள்ளி, ஜேட் கல் என மூன்று மந்திர மண்டையோடுகள். ஒன்று சேர்ந்தால் ஒளிக்கற்றை பாயும், எதிரே இருப்பது சாம்பலாகும். வதந்தியைத் திரையில் காட்ட முடியாது, வெடியைக் காட்டலாம். அதனால் நம்பிக்கை இருந்த இடத்தில் மந்திரம் வந்து உட்கார்ந்தது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கதையை 1938-இல் கொண்டுபோய் வைத்தார்கள். அதனால் லுவாகாவும் இல்லை, குடியரசும் இல்லை. காட்டுக் காவல்படைக்கு மறுபடியும் வெள்ளைக்கார அதிகாரி. அறுபது வருஷத்தில் படக்கதை நடந்து வந்த தூரத்தைப் படம் ஒரே எட்டில் பின்னோக்கிக் கடந்துவிட்டது. வசூலிலும் படம் கவிழ்ந்தது.

இது ஹாலிவுட்டுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுக் கெலுவாங் மேன் 1990-களில் ஆர்டிஎம்மில் வந்த கார்ட்டூன். தம்போய் மனநல மருத்துவமனையிலிருந்து இரவில் நழுவி வந்து திருடர்களைப் பிடிக்கும் போர்ஹான், பேட்மேனைக் கிண்டலடிக்கப் பிறந்தவர். 2025-இல் அவரும் சினிமாவுக்கு வந்தார். கார்ட்டூனில் சிரித்துவிட்டுக் கடந்துபோன மனநோயை, ரத்தமும் சதையுமான நடிகர் வந்து நிற்கும்போது அப்படிக் கடந்துபோக முடியாது. சினிமா ஒரு பாத்திரத்துக்கு முகம் கொடுத்தால் கூடவே காயமும் கொடுத்தாக வேண்டும்.

தமிழ் சினிமாவிலும் இதே இழுபறிதான். 2009-இல் 'கந்தசாமி' நாயகன் சேவல் வேஷம் போட்டான். மக்கள் முருகன் கோயில் மரத்தில் கட்டும் மனுக்களே அவனுக்கு வேலை உத்தரவு. 2012-இல் மிஷ்கினின் 'முகமூடி' ஜீவாவுக்கு உடையும் முகமூடியும் தைத்துக் கொடுத்தது. எத்தனை உடை தைத்தாலும் ரசிகர்கள் விசிலடிப்பது நாயகனின் முகத்துக்குத்தான், உடைக்கு இல்லை. இதைச் சரியாகப் புரிந்துகொண்ட படம் மடோன் அஸ்வினின் 'மாவீரன்', 2023. நாயகன் பத்திரிகைக்குப் படக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி. அவன் வரைந்த வீரன் அவன் காதுக்குள் குரலாக மட்டும் வருகிறான். அந்த வீரனுக்கு முகத்தைக் கொடுக்காமல் விட்டதால், படக்கதையின் ருசி திரையிலும் கொஞ்சம் தங்கியது.

ஆக, பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. படக்கதை நாயகன் பாதி வேலையைச் செய்துவிட்டு மீதியை வாசகரிடம் விட்டுவிடுவான். சினிமா நாயகன் எல்லாவற்றையும் தானே செய்து காட்டிவிடுவான். பையனையும் கோபிக்க வேண்டியதில்லை, அவனுக்கு முதலில் கிடைத்தது படம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள். படத்தை அப்புறம் பார்க்கட்டும். முகமூடிக்குள் யார் என்பதை முதலில் அவர்களே யோசிக்கட்டும்.