நடுவழியில் கார் விளக்கு அணைந்தால்...?

இரவு 10 மணி. சிதம்பரத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு ஒரு குடும்பம் காரில் சேத்தியாத்தோப்புக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். புவனகிரியும் தாண்டியாகிவிட்டது. திடீரென்று காரின் முன்விளக்குகள் அணைந்துவிடுகின்றன. ஒரே கும்மிருட்டு!

"பழகிய ரோடுதானே, மெதுவாகப் போய்விடலாம்" என்று தோன்றும். கூடவே கூடாது! சேத்தியாத்தோப்பு, சர்க்கரை ஆலை உள்ள ஊர். அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரும். பின்விளக்கு இல்லாத வண்டியும் எதிர்ப்படலாம். பக்கத்தில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது.

முதல் வேலை என்ன?

காரை இடது பக்கம் ஓரங்கட்ட வேண்டும். சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அமுக்கினால் நான்கு மூலை விளக்குகளும் மின்னும். குழந்தைகளை ரோட்டுப் பக்கம் இறக்கக் கூடாது.

ஒன்றா, இரண்டா?

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? பெரும்பாலும் பல்புதான் போயிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்ததா? இரண்டு பல்பும் சேர்ந்து போவது அபூர்வம். பியூஸ், ரிலே, சுவிட்சு இவற்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம்.

பியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்பது காருடன் வந்த புத்தகத்தில் இருக்கும். எரிந்துபோன பியூசுக்குள் கம்பி அறுந்திருக்கும். அதே எண் உள்ள பியூசையே போடவேண்டும். 10 என்றால் 10. 15 என்றால் 15. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி ஒப்பேற்றினால் வயர் சூடாகி, காரே தீப்பிடிக்கும்! புதுப் பியூசும் உடனே எரிந்தால், எங்கோ வயர் உரசுகிறது என்று அர்த்தம். அது எலக்ட்ரீசியன் வேலை.

கை படக்கூடாது!

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறும். பல்பு சீக்கிரம் போய்விடும். சுத்தமான துணியால் பிடித்து மாட்டவேண்டும். எல்.இ.டி. விளக்கானால் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

வெளிச்சம் மங்கலாக இருந்தால் பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பையும், துருப்பிடித்த எர்த் வயரையும் கவனிக்க வேண்டும்.

கிளம்புமுன் ஒரு நிமிடம்!

புறப்படும்போதே வீட்டுச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, விளக்கைப் போட்டுப் பாருங்கள். சுவரில் இரண்டு வட்டமும் தெரிகின்றனவா? சரி, கிளம்பலாம். மாற்றுப் பியூஸ் இரண்டு வண்டியில் இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவு அற்பம். காரில் இருக்கும் உயிர்களுக்கு விலை உண்டா?