கல்லாப்பெட்டியில் ஒரு மடக்குக்கத்தி: வாங்கும்போதும் விற்கும்போதும் கவனிக்க வேண்டியவை

எந்தக் கடையிலும் கல்லாப்பெட்டியின் இழுப்பறையைத் திறந்து பார்த்தால் ரப்பர் பேண்டு, பழைய சாவி, ஸ்டாம்பு பேடு இவற்றோடு ஒரு கத்தியும் கிடக்கும். பெரும்பாலும் அது முனை ஒடிந்த கத்தியாகவே இருக்கும். மூட்டைக் கயிறு அறுக்க, அட்டைப்பெட்டி பிரிக்க, அலமாரித் திருகு முடுக்க, எண்ணெய் டின் குத்த, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். லாரி வந்து சரக்கு இறங்கும் நேரத்தில் கத்தியைக் காணோம் என்று கடையே அல்லோலகல்லோலப்படுவதும் நமக்குப் புதிதல்ல.

இந்த வேலைகளையெல்லாம் ஒரே கைப்பிடிக்குள் அடக்கிய பலகருவி மடக்குக்கத்தியை 'சுவிஸ் கத்தி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கும் பொருளாக ஒரு காலத்தில் இருந்தது, இன்று ஃபேன்சி கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அசலும் கிடைக்கிறது, அதைவிட அதிகமாகப் போலியும் கிடைக்கிறது. நம் அன்பர்களில் இதை உபயோகிப்பவர்களும் உண்டு, விற்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படும்படி சில விஷயங்களைப் பார்ப்போம்.

எண்ணிக்கை கணக்கு

அட்டைப்பெட்டியின் மேல் 12 உபயோகம், 15 உபயோகம், 33 உபயோகம் என்று போட்டிருப்பார்கள். இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்வது அவசியம். விக்டோரினாக்ஸ் கம்பெனியின் 'ஸ்பார்ட்டன்' என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். 91 மில்லிமீட்டர் நீளம், 12 உபயோகம். பெரிய கத்தி ஒன்று, சின்னக் கத்தி ஒன்று, டின் ஓபனர், பாட்டில் ஓபனர், தமரூசி, கார்க் திருகி. ஆறுதானே ஆயிற்று? டின் ஓபனரின் நுனி சின்னத் திருப்புளி, அது ஏழு. பாட்டில் ஓபனரின் நுனி பெரிய திருப்புளி, அதில் உள்ள சிறு வெட்டு ஒயர் உரிப்பதற்கு. ஆக ஒன்பது. இடுக்கி, பல் குத்தும் குச்சி, சாவி வளையம் மூன்றையும் சேர்த்தால் பன்னிரண்டு! இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வளையத்தையும் ஓர் உபயோகமாக எண்ணுகிறார்கள் என்று தெரிந்தவர், 33 என்ற எண்ணைப் பார்த்து மயங்கமாட்டார்.

கருவி கூடக்கூட கைப்பிடி தடிக்கும். சட்டைப் பையில் வைக்க முடியாத கத்தி கடைசியில் இழுப்பறைக்குத்தான் போகும். கடை வேலைக்கு இரண்டு அல்லது மூன்று அடுக்கு போதும் என்பது என் அபிப்பிராயம். கத்தி, திருப்புளி, தமரூசி அவசியம். ஜவுளி, ஸ்டேஷனரி வியாபாரிகளுக்குக் கத்தரிக்கோல் உள்ள மாடல் நல்லது. நம் கடையில் திராட்சை மது பாட்டில் ஏது, கார்க் திருகி எதற்கு என்று கேட்பவர்கள், இறுகிப்போன சணல் முடிச்சில் அதன் நுனியை நுழைத்துத் திருகிப் பார்க்கட்டும். பல்லால் கடித்து இழுக்கும் வேலை மிச்சம். அதுவும் வேண்டாமென்றால் திருகிக்குப் பதிலாக ஸ்டார் திருப்புளி வைத்த 'டிங்கர்' போன்ற மாடல்கள் இருக்கின்றன. (திருப்புளி கையில் இருக்கிறதே என்று எடை யந்திரத்தில் முத்திரையிட்ட இடத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அதன் விளைவு என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.)

எலக்ட்ரிகல், ஹார்டுவேர் வியாபாரிகளின் தேவை வேறு. அவர்களுக்குக் கத்தியைவிடக் கட்டிங் பிளேயர்தான் முக்கியம். அமெரிக்காவில் டிம் லெதர்மேன் என்பவர் 1975இல் மனைவியுடன் பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். காரும் அடிக்கடி பழுது, தங்கிய விடுதிகளின் தண்ணீர்க் குழாயும் பழுது. பையில் கத்தி இருந்தது, குறடு இல்லை. ஊர் திரும்பியதும் குறட்டை நடுவில் வைத்து மற்றக் கருவிகளைக் கைப்பிடிக்குள் மடக்கி ஒரு சாதனம் செய்து, 1980இல் காப்புரிமை பெற்றார். கத்திக் கம்பெனிகள் 'இது கத்தி அல்ல' என்றன, கருவிக் கம்பெனிகள் 'இது எங்கள் சரக்கு அல்ல' என்றன. 1983இல்தான் தபால் மூலம் விற்கும் கடை ஒன்று வாங்க முன்வந்தது. இன்று 'மல்டி டூல்' என்றாலே அந்தக் குறடு வகையைத்தான் பலர் நினைக்கிறார்கள். அந்த வகையில் கைப்பிடி வெறும் உலோகம் என்பதை மறக்கக்கூடாது. சுவிஸ் கத்தியின் சிவப்புப் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயும் உலோகத் தகடுதான். இரண்டையும் மின்சாரம் ஓடும் ஒயர் அருகே கொண்டுபோகவே கூடாது.

ஒரு சங்கத்தின் கதை

சுவிஸ் கத்தியின் பூர்வீகத்தில் நம்மைப் போன்ற சங்கத்தாருக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு. கார்ல் எல்ஸெனர் என்பவர் 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். தங்கள் நாட்டு ராணுவத்துக்கு ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் வருவதைக் கண்டு, சக பட்டறைக்காரர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். 1891இல் உள்நாட்டுக் கத்தி ராணுவத்துக்குப் போயிற்று. ஆனால் ஜெர்மன் தொழிற்சாலைகள் அதைவிட மலிவாகக் கொடுக்கவே, மற்றவர்கள் விலகிக்கொண்டனர். எல்ஸெனர் மட்டும் விடாமல் நின்று கைமுதலை இழந்தார். உறவினர் உதவியால்தான் தலை தப்பியது. பிறகு 1897 ஜூன் 12இல் அதிகாரிகளுக்கான புதிய கத்தியைப் பதிவு செய்தார். வில்தகட்டின் இரு பக்கமும் கருவிகளைப் பொருத்தியதுதான் அதன் விசேஷம். இன்றைய மாடல்கள் எல்லாம் அதன் வாரிசுகளே. 1909இல் இறந்த தாயார் விக்டோரியாவின் பெயரையும், 1921இல் பயன்பாட்டுக்கு வந்த துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்தே விக்டோரினாக்ஸ் என்ற பெயர் வந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதம்

முனை ஒடிவதற்குக் காரணம் கத்தியின் குறை அல்ல. நல்ல கத்தியில் எல்லாக் கருவிகளும் ஒரே பதத்தில் இருப்பதில்லை. எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவால் குறிப்பார்கள். விக்டோரினாக்ஸ் கத்தியின் அலகு 56, கத்தரிக்கோலும் அரமும் 53, திருப்புளி, ஓபனர், தமரூசி 52, கார்க் திருகியும் வில்தகடும் 49. அலகு கடினமாக இருந்தால்தான் கூர் நிற்கும். ஆனால் கடினம் ஏறினால் வளையாது, ஒடியும். திருப்புளியும் வில்லும் முறுக்குதலைத் தாங்க வேண்டும், ஆகவே சற்று மென்மை. பக்கத்திலேயே திருப்புளி இருக்க, கத்தி முனையால் திருகைத் திருப்புவதும் டின் மூடியை நெம்புவதும் ஏன் தவறு என்பது இந்த நான்கு எண்களிலேயே இருக்கிறது.

கைவிரல் விஷயத்துக்கும் வருவோம். 91 மில்லிமீட்டர் மாடல்களில் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்து நிற்கிறது. இழுத்து அறுக்கும்வரை ஆபத்தில்லை. அட்டைப்பெட்டியில் குத்தி அழுத்தினால் அலகு மடங்கி விரல்மேல் விழும். குத்தும் வேலை அதிகமுள்ளவர்கள் பூட்டு உள்ள 111 மில்லிமீட்டர் மாடலையோ லெதர்மேனில் பூட்டுள்ளதையோ வாங்கட்டும். பெட்டி பிரிக்கச் சின்னக் கத்தியே போதும். பெரிய அலகை ஆழமாக ஓட்டி, உள்ளே மேலாக இருக்கும் சேலையையும் சட்டையையும் கிழித்த சம்பவம் இல்லாத ஜவுளிக்கடை உண்டா? அந்த நட்டத்தை எந்த மில்லும் ஏற்பதில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு முதல் நாளே இதைக் காட்டிக்கொடுப்பது நல்லது.

வாங்கும்போது ஒவ்வொரு கருவியையும் திறந்து மூடிப் பாருங்கள். திறந்ததும் 'டக்' என்று நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. மடக்கிய கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடுக்குகள் ஒன்றையொன்று உரசாமல் நேராக இருக்க வேண்டும். கத்தரிக்கோலால் மெல்லிய காகிதத்தை நுனிவரை வெட்டிப் பாருங்கள். மட்டமான சரக்கு நுனியில் வரும்போது காகிதத்தை மடக்கிக்கொள்ளும்.

பராமரிப்பு

'எவர்சில்வர்தானே, துருப்பிடிக்காது' என்று நினைப்பவர்கள் உப்பு, புளி, கருவாடு, ஊறுகாய் வியாபாரிகளைக் கேட்கலாம். துருப்பிடிக்காத எஃகும் உப்பு ஈரத்தில் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றே அதற்குப் போதும். எலுமிச்சை நறுக்கிய கத்தியை அப்படியே மடக்கி வைப்பதைவிடக் கெடுதல் வேறில்லை.

செய்ய வேண்டியது சொற்பம். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கத்தியை முக்கி, நீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் பலமுறை திறந்து மூடினால் மணலும் சணல் தூசும் வெளியேறிவிடும். ஒட்டியிருக்கும் பஞ்சைப் பல்குத்தும் குச்சியால் எடுக்கலாம். நன்றாகத் துடைத்து, எல்லாக் கருவிகளையும் விரித்தபடியே உலர விட்டு, பிறகு கீல் ஒவ்வொன்றிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பழம் நறுக்குவதற்கு முன் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கடைக்காரர்கள் தின்னரால் துடைப்பார்கள், அது பிளாஸ்டிக் கைப்பிடியைக் கரைக்கும்.

சாணை விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் கொடுமை சொல்லி முடியாது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குத் தாங்கும் சாணைச் சக்கரத்தை இந்தச் சிறு அலகு தாங்காது. வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று என்று அர்த்தம். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. பொடிப் பதமுள்ள எண்ணெய்க்கல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலகைக் கல்லில் கிடத்தி, முதுகை 3 முதல் 4 மில்லிமீட்டர் உயர்த்தினால் 15 முதல் 20 டிகிரி கோணம் வரும். கல்லின் மேற்புறத்தைச் சீவுவதுபோல் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், அழுத்தாமல் மாற்றி மாற்றித் தீட்டவும். விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டும்போது போதும். பழைய தோல் பெல்ட்டில் முதுகுப்புறமாக இழுத்தால் பிசிறு போய்விடும். செய்தித்தாளின் ஓரத்தைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள், கிழியாமல் இறங்கினால் சரி.

கொள்முதலுக்காகச் சூரத்துக்கும் டெல்லிக்கும் விமானத்தில் போகும் அன்பர்கள் கவனிக்க: சாவிக்கொத்தில் தொங்கும் இரண்டங்குலக் கத்தியாக இருந்தாலும் கைப்பையில் அனுமதியில்லை. பரிசோதனையில் எடுத்துக்கொண்டால் திரும்ப வராது. விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

விற்பவர்களுக்கு

சிவப்புக் கைப்பிடியும் வெள்ளைச் சிலுவையும் இருந்தால் அசல் ஆகிவிடாது. அசலில் பெரிய அலகின் அடியில் கம்பெனிப் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்ற சொற்களும் தெளிவாகப் பொறித்திருக்கும். போலியில் எழுத்து மங்கலாகவோ பிழையாகவோ இருக்கும், அடுக்குகளின் ஓரம் கையில் கீறும். வெங்கர் என்ற இன்னொரு சுவிஸ் பெயரை 2005இல் விக்டோரினாக்ஸ் வாங்கி, 2013 முதல் அதன் கத்திகளைத் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டது. ஆகவே 'புது வரவு வெங்கர் கத்தி' என்று யாராவது கொண்டுவந்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

பெயரில்லாத மலிவுக் கத்தியை மலிவுக் கத்தி என்று சொல்லி விற்பதில் தவறில்லை. பிரபல பெயர் பொறித்த போலியை, தெரியாமல் வாங்கி வைத்தாலும் சிக்கல்தான். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 104ஆம் பிரிவுப்படி போலிக் குறியிட்ட பொருளை விற்பதும், விற்பனைக்கு வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தகுந்த எச்சரிக்கை எடுத்திருந்தேன், சந்தேகிக்கக் காரணமில்லை, சரக்கு கொடுத்தவர் யார் என்ற விவரத்தையும் கேட்டவுடன் கொடுத்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. பில் இல்லாமல் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் வாங்கினால் இதில் எதை நிரூபிப்பது?

இறக்குமதிச் சரக்காக இருந்தால் உறையின்மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, வரிகள் உட்பட அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதி. இவை இல்லாத உறையை வாங்காதீர்கள். பட்டனை அழுத்தினால் அலகு பாயும் கத்திகள் வேறு இனம். அவற்றை இருப்பிலேயே வைக்க வேண்டாம், சிறுவர்கள் தனியாக வந்து கேட்டால் எந்தக் கத்தியையும் கொடுக்க வேண்டாம் என்பது என் யோசனை.

விக்டோரினாக்ஸ் தன் கத்திகளின் எஃகுக்கும் தயாரிப்புக்கும் வாழ்நாள் உத்தரவாதமும், லெதர்மேன் தன் பெரும்பாலான கருவிகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதமும் தருகின்றன. நாம் கொடுக்கும் பில்லில் 'கத்தி - 1' என்று எழுதாமல் கம்பெனிப் பெயர், மாடல், தேதி மூன்றையும் எழுதிக் கொடுத்தால், பத்து வருடம் கழித்து வில் உடைந்த கத்தியோடு வரும் வாடிக்கையாளரிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கும். அதன் நகலை நம் கோப்பிலும் வைத்துக்கொள்ளலாம்.