சிறுத்த இரைப்பை, சிறுக்காத தேவை

பெரிய வைத்தியம் என்றால் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் மக்கள் கோயம்புத்தூருக்குப் போவார்கள். இடுக்கியின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்தினர் போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போவார்கள். உடல் எடையைக் குறைக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்கும் அதே வழிதான். ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், சில நாட்களில் வீடு திரும்பிவிடலாம். ஆனால் அது நிலைத்த பலன் தருமா என்பது அதற்குப் பிறகு வீட்டுச் சமையலறையில்தான் தீர்மானமாகிறது.

இந்தச் சிகிச்சையில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி தணிகிறது. 1966இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த ‘பைபாஸ்’ முறையில், சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாக இரைப்பையைப் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். எந்த முறையானாலும், ஆரம்ப மாதங்களில் ஒரு வேளைக்குச் சில கரண்டி உணவுதான் உள்ளே போகும். உடம்புக்கு வேண்டிய புரதமோ நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாது.

முதலில் மத்தி, பிறகு கப்பை

இடுக்கி வீடுகளில் கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும் அன்றாடச் சாப்பாடு. தட்டு நிறைய கப்பைக்கிழங்கு, ஓரத்தில் ஒரு துண்டு மீன் என்பதே வழக்கம். 100 கிராம் வேகவைத்த கப்பையில் புரதம் ஒன்றிரண்டு கிராம்தான் தேறும். அதே எடை மத்தியில் சுமார் 20 கிராம் இருக்கிறது. ஆபரேஷன் ஆனவர் கப்பையிலிருந்து ஆரம்பித்தால், மீனைத் தொடுவதற்குள் வயிறு நிறைந்துவிடும். எனவே மீன் முதலில், கறிகாய் அடுத்தது, இடமிருந்தால் கடைசியில் ஒரு கரண்டி கப்பை. சோற்றுக்கும் இதே வரிசைதான்.

சைவ உணவுக்காரர்களுக்குத் தயிர், பனீர், பாசிப்பயறு, சோயா இருக்கின்றன. கொள்ளு ரசத்தை மட்டும் நம்பக் கூடாது. பயறு வெந்த தண்ணீரில் புரதம் அதிகம் இறங்குவதில்லை. பயறையே மசித்துச் சாப்பிட வேண்டும். முதல் இரண்டு வாரம் திரவ உணவு, பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, இரண்டு மாத அளவில் வழக்கமான சாப்பாட்டுக்கு வரலாம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. முடிந்து அரை மணி நேரம் கழித்து, மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும்.

புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். கொழுந்துச் சாக்கைச் சுமந்து மேடேறும் தோட்டத் தொழிலாளிக்குத் தசை போனால் பிழைப்பே போய்விடும்.

கட்டன் சாயாவும் மாத்திரையும்

உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்ச அமிலம் வேண்டும். பி12 வைட்டமினை ஏற்க இரைப்பையில் சுரக்கும் ஒரு தனிப் புரதம் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டும் குறைந்துவிடுவதால் இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தேவை. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் எதற்கும் துணை கட்டன் சாயாதான். தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துவைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. இரும்பு மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரம்.

ரத்தம் ஊறும் என்று மறையூர் வெல்லத்தை அள்ளிச் சாப்பிடுவதும் ஆபத்து. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அருமையான வெல்லம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரை. பைபாஸ் ஆனவருக்கு அது சட்டென்று சிறுகுடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரவழைக்கும்.

ஓயாத வாந்தி

ஓயாத வாந்தி ஏன் ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கண்டுபிடிப்பிலிருந்து தொடங்கலாம். 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். தவிட்டிலிருந்த அந்தச் சத்து தயாமின் என்று பின்னர் தெரிந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலக்காட்டு மட்ட அரிசியைப் போலப் புழுக்கி, தவிடு முழுதும் போகாமல் எடுத்த அரிசியில் தயாமின் தங்குகிறது.

ஆனால் இந்தச் சத்து உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். ஆபரேஷனுக்குப் பின் ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கு அது வேகமாகத் தீர்ந்து பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு தீவிரமாகலாம். பக்கத்து மருத்துவமனைக்கு ஓடும்போது, “இவருக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது” என்று முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

பி12 விஷயம் வேறு. கல்லீரல் அதைப் பல ஆண்டுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் வெளிப்படும். நன்றாக இருக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தியவருக்குக் கால் மரத்துப்போகும்போதுதான் தெரியவரும். நரம்பு பழுதான பிறகு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை அவசியம். அதற்காக மலை இறங்க முடியாதவர்கள் பக்கத்து ஊர் ஆய்வகத்தில் பார்த்து, முடிவை மருத்துவருக்கு அனுப்பலாம். நகரத்து மருத்துவமனைகளும் மத்தி, கப்பை, மட்ட அரிசி என்று இந்த மக்கள் சாப்பிடுவதையே வைத்துத் தமிழிலும் மலையாளத்திலும் உணவுப் பட்டியல் எழுதித் தர வேண்டும். ஓட்ஸும் பிராக்கோலியும் எழுதிய பட்டியல் சுவரில் தொங்குமே தவிரத் தட்டுக்கு வராது.